மூன்றாவது விளக்கு

யப்பானில் யாரோ பனிக்காக வாங்கி
ஏழு வருடம் ஓட்டி விற்ற கார் இது.
கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான்.
எழுத்துப் புரியாது. ஒரு நாற்காலிப் படம்,
அதன் முதுகில் நெளிந்தெழும் மூன்று கோடு.
முதல் வாரம் முழுக்க
அது காற்றாடி என்றே நினைத்திருந்தேன்.

ரதெல்ல இறக்கத்தில் ஒருநாள்
முழங்கை பட்டு விளக்கு எரிந்திருக்கிறது.
பக்கத்துச் சீட்டில் கிடந்த பாண்
வீடு சேர்ந்தபோது
இப்போதுதான் போறணையில் எடுத்ததுபோல் இருந்தது.

அதன்பிறகு பொகவந்தலாவை டவுனில்
என் ஹயருக்கு ஒரு பெயர்: சூட்டுக் கார்.
மற்றவன் ஹீட்டர் போட்டால் கண்ணாடிதான் வேர்க்கும்,
என் காரில் முதுகெலும்பே இளகும் என்று
நானே சொல்லித் திரிந்தேன்.

தை மாதம். விடிய நாலு மணி.
புல்லில் உறைபனி உப்பாய்க் கிடந்தது.
கிளினிக் கொப்பியோடு நின்றார் தங்கையா அண்ணன்.
இஸ்டோரில் இருபத்தாறு வருட டிரையர்காரர்.
கொழுந்து காய்ந்ததா கருகப்போகிறதா என்று
மானியைப் பார்க்கமாட்டார்.
புறங்கையை நீட்டுவார், அவ்வளவுதான்.

அந்த மனிதருக்கு மரியாதையாய்
மூன்று விளக்கும் போட்டேன்.
சூடு ஓடிவிடாதபடி
இடுப்பிலிருந்து கம்பளியால் சுற்றியும் விட்டேன்.

நோர்வூட், ஹட்டன், தலவாக்கலை.
இரண்டரை மணித்தியாலம்
கிரிக்கெட்டும் கொடுப்பனவும் பேசிக்கொண்டு போனோம்.
சுடுதா என்று ஒருதரம் கேட்டேன்.
"என்னது?" என்றார்.
பாட்டுச் சத்தம் என்று நினைத்து
மேலே ஓட்டினேன்.

கால்சட்டையைச் சுருட்டச் சொன்ன தாதிதான் கண்டாள்.
இடது தொடையின் பின்பக்கம்
வரிவரியாய்ச் சிவப்பு.
எதிர் மலையில் நின்று பார்த்தால்
தேயிலை நிரை தெரியுமே, அந்த மாதிரி.
நடுவில் ஒரு கொப்புளம், ஐந்து ரூபாய்க் காசளவு.

சீனி வருத்தம் அவர் காலின் உணர்ச்சியை
நாலு வருடத்துக்கு முன்பே
வேலையால் நிறுத்திவிட்டிருந்தது.
எனக்குத் தெரியாது.
அவருக்குத் தெரியும், ஆனால்
ஒரு செய்தியாக அதை யாருக்கும் சொன்னதில்லை.

"சொந்தக்காரரா?"
டிரைவர் என்றேன்.
"டிரைவர்தான் எனக்கு வேணும்" என்றாள் தாதி.
மரத்த கால், அடிபட்ட முதுகெலும்பு,
தூக்க மாத்திரை, பச்சைப்பிள்ளை
என்று விரல் மடக்கிக்கொண்டே போனாள்.
சுடுது என்று சொல்ல முடியாத ஆளுக்கு
உன் பொத்தான் எதுக்கு, என்றாள்.

ஹட்டன் கராஜில் ரஞ்சித் பாஸ்
உறையைக் கழற்றி வயரைப் பார்த்தார். வெடிப்பில்லை.
ஈரக் குடையை இதில் போடாதே,
முழங்கால் ஊன்றி ஏறவிடாதே என்றார்.
கார் மேல் குற்றம் இருந்திருந்தால்
எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

அன்றிரவு கையில் கடிகாரத்தோடு
அந்தச் சீட்டில் நானே உட்கார்ந்தேன், மூன்று விளக்கும் எரிய.
பத்தாம் நிமிடம் சுகம்.
இருபதில் எழும்ப மனமில்லை.
நாற்பதில் துள்ளி எழும்பினேன்.
என் தொடைக்கு என்னை எழுப்பத் தெரிந்திருந்தது.

இப்போது ஆள் ஏறுமுன் கேட்டுவிடுகிறேன்:
சீனி இருக்கா?
எல்ல பார்க்கப் போன கொழும்புச் சோடி
சீனி போட்ட பிளேன்டீயே போதும் என்றது.
வண்டியை நிறுத்தி வாங்கிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.
யாராய் இருந்தாலும் ஒற்றை விளக்கு,
பத்து நிமிடம், அதோடு அணைப்பு.
கம்பளி டிக்கியில்.

மாசிக் கிளினிக்குக்கு அவர் பஸ்ஸில் போவார் என்றிருந்தேன்.
அதே நாலு மணி, அதே கொப்பி.
"ஏறுங்க, இண்டைக்குச் சூடு இல்ல" என்றேன்.
ஏறவில்லை.
"வெறும் சீட்டுக்குப் போடு."
போட்டேன்.
கதவைத் திறந்துவைத்துப் பனியில் நின்றபடி குனிந்து
புறங்கையைச் சீட்டில் வைத்தார்.
கண் மூடியிருந்தது.
பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக் கடந்தது. அசையவில்லை.
"நிப்பாட்டு."
விளக்கு அணைந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

நோர்வூட் தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"ஒரு நிமிசம் முந்திட்டேன் போல."